ஒரே டொமைன், பல மெயில் சர்வர்: மெயிலுக்கு வழி சொல்வது எப்படி?

ஒரு நிறுவனத்தில் ஒரே ஒரு மெயில் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்வரை ரூட்டிங் என்ற பேச்சே எழாது. வருகிற மெயில் எல்லாம் அந்தச் சர்வருக்குத்தான் வரும். ஆள் இருந்தால் பெட்டியில் போடும், இல்லையென்றால் திருப்பிவிடும். தலைவலி இரண்டாவது சர்வரோடு ஆரம்பிக்கிறது. பாதிப் பேரைக் கிளவுடுக்கு மாற்றுகிறார்கள், அல்லது இன்னொரு நிறுவனத்தை வாங்கிச் சேர்க்கிறார்கள், அல்லது ஏதோ ஒரு பிரிவுக்குத் தனிச் சர்வர் வேண்டும் என்கிறார்கள். ஆனால் முகவரி மட்டும் எல்லோருக்கும் ஒரே டொமைனில்தான் இருக்க வேண்டும் என்பதில் நிர்வாகம் உறுதியாக இருக்கும்.

சரி, கணக்கு@எக்ஸாம்பிள்.காம் பழைய சர்வரில் இருக்கிறது, விற்பனை@எக்ஸாம்பிள்.காம் புதிய சர்வரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியிலிருந்து மெயில் அனுப்புகிறவருக்கு இந்த விவரம் தெரியாது, தெரியவும் வேண்டாம். உள்ளே யாருக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தவர் யாரிடம் கைமாற்ற வேண்டும் என்பதுதான் மெயில் ரூட்டிங்.

முதலில், ஒரு மெயில் கைமாறும்போது என்ன நடக்கிறது என்று கிட்டப் போய்ப் பார்ப்போம். அனுப்பும் சர்வர், பெறும் சர்வரின் 25ஆம் போர்ட்டில் (மெயில் கைமாற்றத்துக்கென்று ஒதுக்கிய இணைப்பு எண்) இணைகிறது. இரண்டும் பேசிக்கொள்ளும் மொழி எஸ்எம்டிபி. ஜான் போஸ்டல் 1982இல் எழுதிய ஆர்எஃப்சி 821 என்ற ஆவணத்தில் அது வரையறுக்கப்பட்டது; இப்போது நடைமுறையில் இருப்பது 2008இன் ஆர்எஃப்சி 5321. பேச்சு இப்படிப் போகும்: அனுப்புகிற சர்வர் ‘மெயில் ஃப்ரம்’ என்று அனுப்புநர் முகவரியைச் சொல்லும். ‘250, சரி’ என்று பதில் வரும். பிறகு ‘ஆர்சிபிடி டூ: விற்பனை@எக்ஸாம்பிள்.காம்’ என்று பெறுநர் முகவரியைச் சொல்லிக் கேட்கும். இந்த இடத்தில்தான் பெறும் சர்வர் முடிவெடுக்கிறது. 250 என்றால் ‘ஏற்றுக்கொண்டேன், இனி என் பொறுப்பு’. 4இல் தொடங்கும் எண் வந்தால் ‘இப்போது முடியாது, அப்புறம் வா’. 5இல் தொடங்கினால் ‘முடியாது, திரும்ப வராதே’. அப்படி ஓர் ஆள் இல்லை என்று சொல்ல வழக்கமாக வருவது 550.

கவனியுங்கள், மெயிலின் உள்ளே ‘டூ’ என்று தெரிகிற வரிக்கும் இந்த ஆர்சிபிடி முகவரிக்கும் சம்பந்தம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ரூட்டிங் முழுக்க முழுக்க ஆர்சிபிடி முகவரியை, அதாவது உறையின்மேல் உள்ள முகவரியை வைத்தே நடக்கிறது. பிசிசி வேலை செய்வதும் இதனால்தான். ‘டூ வரியில் சரியாகத்தானே இருக்கிறது, ஏன் வேறு எங்கோ போகிறது’ என்று லாக்கை (சர்வர் எழுதிவைக்கும் பதிவேட்டை) பார்க்காமல் புலம்புகிறவர்கள் நிறையப் பேர்.

எம்எக்ஸ் எதைச் செய்யும், எதைச் செய்யாது

வெளியுலகம் உங்கள் சர்வரைக் கண்டுபிடிப்பது டிஎன்எஸ்ஸில் (டொமைன் பெயர்களுக்கான இணைய முகவரிப் புத்தகம்) உள்ள எம்எக்ஸ் ரெக்கார்டு வழியாக. இந்த டொமைனுக்கான மெயிலை எந்தச் சர்வரிடம் கொடுப்பது என்று சொல்லும் பதிவு அது. 1986இல் ஆர்எஃப்சி 974 இதற்கான விதிகளை எழுதிவைத்தது. ஒவ்வொரு எம்எக்ஸ் ரெக்கார்டிலும் ஓர் எண்ணும் ஒரு சர்வர் பெயரும் இருக்கும். எண் குறைவாக இருப்பதற்கே முன்னுரிமை. எண் சமமாக இருந்தால் அனுப்புகிறவர் ஏதோ ஒன்றைக் குத்துமதிப்பாகத் தேர்ந்தெடுப்பார். பெயருக்குப் பதில் ஐபி முகவரியை எழுதக் கூடாது. அந்தப் பெயர் சிநேம் ஆகவும் (இன்னொரு பெயரைக் கைகாட்டும் மாற்றுப்பெயர்) இருக்கக் கூடாது.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். இரண்டு சர்வர் இருக்கிறது, அதனால் இரண்டையும் எம்எக்ஸில் போட்டுவிடுவோம், மெயில் தானாகச் சரியான இடத்துக்குப் போய்விடும் என்று நினைக்கிறார்கள். போகாது. எம்எக்ஸ் என்பது டொமைனுக்கு, ஆளுக்கு இல்லை. கணக்கு என்பவர் எங்கே, விற்பனை என்பவர் எங்கே என்று டிஎன்எஸ்ஸுக்குத் தெரியாது.

இரண்டையும் 10 என்ற எண்ணில் போட்டால் என்ன ஆகும்? விற்பனைக்கு வரும் மெயில்களில் ஒரு பங்கு பழைய சர்வரின் கதவைத் தட்டும். அங்கே அந்த ஆள் இல்லை, அதனால் 550. ‘ஒன்று முடியாது என்றால் அடுத்த எம்எக்ஸை முயற்சி செய்யாதா?’ என்று கேட்கலாம். செய்யாது. இணைப்பே கிடைக்காவிட்டால், அல்லது 4இல் தொடங்கும் பதில் வந்தால்தான் அடுத்தவரைத் தேடும் வழக்கம். 550 என்பது இறுதித் தீர்ப்பு. அனுப்பிய சர்வர் உடனே மெயிலைத் திருப்பியனுப்பிவிடும். விளைவு, ‘சில மெயில் வருகிறது, சில மெயில் வரவில்லை’ என்ற புகார். இருப்பதிலேயே கண்டுபிடிக்கக் கடினமான புகார் இதுதான், ஏனென்றால் நீங்கள் சோதித்துப் பார்க்கும்போது சரியாக வந்துவிடும்.

ஆக, எம்எக்ஸில் எந்தச் சர்வர் பெயர் இருந்தாலும், அந்த டொமைனில் உள்ள அத்தனை முகவரிகளுக்கும் பதில் சொல்ல அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். பெட்டி தன்னிடம் இல்லாவிட்டாலும் யாரிடம் இருக்கிறது என்றாவது தெரிய வேண்டும்.

யார் கடைசி?

பல சர்வர் அமைப்பில் ஒவ்வொரு முகவரிக்கும் ஒரே ஒரு கேள்விதான்: ‘அப்படி ஓர் ஆள் இல்லை’ என்று சொல்லும் அதிகாரம் யாரிடம்? அந்த அதிகாரம் ஒரே ஒரு சர்வரிடம் இருக்க வேண்டும். இரண்டு சர்வரும் தானே கடைசி என்று நினைத்தால், இருக்கிற ஆளையே இல்லை என்று சொல்லி மெயிலைத் திருப்பிவிடும். இரண்டும் ‘என்னிடம் இல்லை, அவரிடம் இருக்கும்’ என்று நினைத்தால், இல்லாத ஆளுக்கு வந்த மெயில் இரண்டுக்கும் நடுவே சுற்றிச் சுற்றி வரும். ரூட்டிங் தகராறுகளில் பெரும்பகுதியை இந்த இரண்டில் ஒன்றாகச் சுருக்கிவிடலாம்.

முதல் வகை எப்படி வெளிப்படும் தெரியுமா? வெளியிலிருந்து வரும் மெயில் எல்லாம் ஒழுங்காக வரும். ஆனால் கணக்குப் பிரிவில் இருப்பவர் விற்பனைப் பிரிவுக்கு அனுப்பினால் 550 என்று திரும்பிவிடும். பக்கத்து மேஜைக்குப் போகாத மெயில்! காரணம் எளிது. பழைய சர்வர் இந்த டொமைன் முழுவதும் தன்னுடையது என்று பல வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறது. அதனால் அது எம்எக்ஸைப் பார்ப்பதே இல்லை. தன் பட்டியலில் தேடும், இல்லை, திருப்பிவிடும். எம்எக்ஸை எத்தனை தடவை மாற்றினாலும் இது சரியாகாது. அந்தச் சர்வரின் நம்பிக்கையைத்தான் மாற்ற வேண்டும். மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற மெயில் சர்வர் மென்பொருளில் இதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு. ஒரு டொமைனை ‘அத்தாரிடேட்டிவ்’ என்று வைத்தால் அந்தச் சர்வர்தான் கடைசி. ‘இன்டர்னல் ரிலே’ என்று வைத்தால், தன்னிடம் இல்லாத முகவரியை ஒரு சென்ட் கனெக்டர் (எந்த மெயிலை எங்கே அனுப்புவது என்று சொல்லும் அமைப்பு) வழியாக அடுத்த சர்வருக்கு அனுப்பும். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற இன்னொரு மெயில் சர்வர் மென்பொருளில் ‘மைடெஸ்டினேஷன்’, ‘ரிலே டொமைன்ஸ்’ என்ற இரண்டு பட்டியல்களுக்கு இடையே உள்ள வித்தியாசமும் ஏறக்குறைய இதுதான். முதல் பட்டியலில் உள்ள டொமைனுக்கான மெயில் இங்கேயே தங்கும், இரண்டாவதில் உள்ளது இங்கே ஏற்கப்பட்டு வேறு இடத்துக்குப் போகும். ஒரே டொமைனை இரண்டிலும் எழுதக் கூடாது.

வழி அமைக்கும் முறைகள்

எனக்குப் பிடித்தது, முன்னால் ஒரு கேட்வே, அதாவது வாசல் சர்வர், வைப்பது. எம்எக்ஸில் கேட்வேயின் பெயர் மட்டும் இருக்கும் (ஒன்று படுத்தால் இன்னொன்று என்று ஒரே மாதிரியான இரண்டு கேட்வே வைக்கலாம்). பெட்டிகள் எதுவும் கேட்வேயில் இருக்காது. அதனிடம் இருப்பது ஒரு பட்டியல்: எந்த முகவரி எந்தச் சர்வரில். அவ்வளவுதான். ஸ்பேம் சோதனை, வைரஸ் சோதனை எல்லாவற்றையும் இந்த ஒரே இடத்தில் முடித்துவிடலாம். பின்னால் இருக்கும் சர்வர்கள் தங்களிடம் இல்லாத முகவரியையும், வெளியே போக வேண்டியதையும் கேட்வேயிடம் கொடுத்துவிடும். கேட்வேதான் கடைசி வார்த்தை சொல்லும்.

போஸ்ட்ஃபிக்ஸில் அந்தப் பட்டியலுக்கு ‘டிரான்ஸ்போர்ட்’ டேபிள் என்று பெயர். ஒரு வரி இப்படி இருக்கும்:

விற்பனை@எக்ஸாம்பிள்.காம்   எஸ்எம்டிபி:[மெயில்2.எக்ஸாம்பிள்.காம்]:25

இடது பக்கம் முகவரி, வலது பக்கம் அடுத்து யாரிடம் கொடுப்பது. அந்தச் சதுர அடைப்புக்குறியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். அடைப்புக்குறி இல்லாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் அந்தப் பெயருக்கும் முதலில் எம்எக்ஸ் தேடும். அடைப்புக்குறிக்குள் இருந்தால் தேடாமல் நேராக அந்த இயந்திரத்துக்குப் போகும். உள் சர்வரின் பெயருக்குப் பதிலாக எக்ஸாம்பிள்.காம் என்று டொமைனையே அடைப்புக்குறி இல்லாமல் எழுதிவிட்டால், எம்எக்ஸ் என்ன சொல்லும்? கேட்வேயின் பெயரை. அதாவது தன்னையே. லாக்கில் ‘மெயில் லூப்ஸ் பேக் டு மைசெல்ஃப்’ என்று ஒரு வரி வந்து நிற்கும். முகவரிக்கென்று தனி வரி இல்லாவிட்டால், டொமைனுக்கான பொது வரி பார்க்கப்படும். அதனால் பெரும்பான்மையினர் இருக்கும் சர்வரைப் பொது வரியில் எழுதிவிட்டு, மற்றவர்களை மட்டும் ஒவ்வொருவராக எழுதினால் போதும். ஃபைலைத் திருத்தியபின் ‘போஸ்ட்மேப்’ கட்டளையை ஓட்ட வேண்டும். இல்லையென்றால் பழைய பட்டியல்தான் அமலில் இருக்கும்.

இன்னொரு வழி, கேட்வே இல்லாமல் ஒரு சர்வரையே முதன்மையாக வைப்பது. வருகிற மெயிலில் தன் ஆட்களுடையதை வைத்துக்கொண்டு மீதியை அடுத்ததற்கு அனுப்பும். கூகுள் ஒர்க்ஸ்பேஸ் இதை ‘ஸ்பிளிட் டெலிவரி’ என்று அழைக்கிறது. ஒரே மெயிலை இரண்டு இடத்திலும் போடுவதற்கு ‘டூயல் டெலிவரி’ என்று பெயர். ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் காலத்தில் அது கைகொடுக்கும். இரண்டு சர்வர், கொஞ்ச நாள் ஏற்பாடு என்றால் இந்த முறை போதும். மூன்றாவது சர்வர் வந்துவிட்டால் சங்கிலி நீண்டுவிடும், எங்கே சிக்கியது என்று தேடுவதே வேலையாகிவிடும்.

மூன்றாவது முறையில் முகவரியையே உள்ளுக்குள் மாற்றிவிடுவார்கள். கேட்வே, விற்பனை@எக்ஸாம்பிள்.காம் என்பதை விற்பனை@புதிய.எக்ஸாம்பிள்.காம் என்று உறையில் மட்டும் திருத்தி அனுப்பும். ஒவ்வொரு உள் சர்வருக்கும் ஒரு துணை டொமைன், அதற்கு அதுவே கடைசி. குழப்பத்துக்கு இடமில்லை, லாக்கில் படிக்கவும் சுலபம். மைக்ரோசாஃப்ட் 365க்குப் பாதிப் பேர் மாறிய நிறுவனங்களில் இந்த உத்தியைத்தான் பார்ப்பீர்கள்.

குழு முகவரிகளை மறந்துவிடாதீர்கள். எல்லோரும்@எக்ஸாம்பிள்.காம் என்ற குழு பழைய சர்வரில் இருந்து, உறுப்பினர்கள் இரண்டு சர்வரிலும் பிரிந்து இருந்தால், முதலில் குழு விரிய வேண்டும், பிறகுதான் ஒவ்வொரு முகவரிக்கும் வழி தேட வேண்டும். குழுவை எங்கே விரிப்பது என்பதையும் ஒரே இடமாக முடிவு செய்யுங்கள். இரண்டு சர்வரிலும் ஒரே குழுவை வைத்தால் சிலருக்கு இரண்டு பிரதி வரும், சிலருக்கு எதுவும் வராது.

இல்லாத ஆளுக்கு வரும் மெயில்

கேட்வேக்கு முகவரிப் பட்டியல் முழுதாகத் தெரியவில்லை, டொமைன் மட்டும்தான் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கு வந்த பெயர்களுக்கெல்லாம் ஸ்பேம் அனுப்புகிறவர்கள் உண்டு. கேட்வே எல்லாவற்றுக்கும் 250 சொல்லிவிடும். அடுத்து உள் சர்வரிடம் கொடுக்கும்போது அது 550 சொல்லும். ஆனால் மெயில் இப்போது கேட்வேயின் பொறுப்பில் இருக்கிறதே! அது ‘சேர்க்க முடியவில்லை’ என்ற அறிவிப்பை அனுப்புநருக்கு எழுதும். ஸ்பேமில் அனுப்புநர் முகவரி போலி என்பதால், சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவருக்கு அந்த அறிவிப்பு போய்ச்சேரும். இதற்கு பேக்ஸ்கேட்டர் என்று பெயர். தொடர்ந்து செய்தால் உங்கள் ஐபி முகவரி கறுப்புப் பட்டியலில் ஏறும்.

அதனால் மறுக்க வேண்டியதை வாசலிலேயே, ஆர்சிபிடி கட்டத்திலேயே மறுக்க வேண்டும். அதற்கு இரண்டு வழி. ஆக்டிவ் டைரக்டரி அல்லது எல்டாப் டைரக்டரியிலிருந்து (நிறுவனத்தின் ஆட்கள் விவரம் இருக்கும் இடம்) முகவரிப் பட்டியலைக் கேட்வேக்கு அவ்வப்போது இறக்குவது ஒன்று. மற்றது, கேட்வே அந்த நொடியே உள் சர்வரிடம் ‘இந்த ஆள் இருக்கிறாரா’ என்று கேட்டுப் பார்த்து, பதிலை நினைவில் வைத்துக்கொள்வது. போஸ்ட்ஃபிக்ஸில் இது ‘ரிஜெக்ட் அன்வெரிஃபைடு ரெசிப்பியன்ட்’ என்ற விதி. அது இயல்பாக 450 என்றுதான் சொல்லும், 550 இல்லை. சோதித்துத் திருப்தியான பிறகு நீங்களே 550 ஆக்கிக்கொள்ள வேண்டும். முன்னெச்சரிக்கையான இந்த இயல்பு எனக்குப் பிடிக்கும்.

‘பேக்கப் எம்எக்ஸ்’ என்று பெரிய எண்ணில் ஒரு சர்வரை வைக்கும் பழைய பழக்கத்துக்கும் இதே ஆபத்து உண்டு. முகவரிப் பட்டியல் இல்லாத பேக்கப், ஸ்பேம் அனுப்புகிறவர்களுக்குத் திறந்த கொல்லைப்புறக் கதவு. பெரிய எண்ணில் இருப்பதைத்தான் அவர்கள் தேடியே வருவார்கள், காவல் குறைவாக இருக்கும் என்று தெரியும். தவிர, உங்கள் சர்வர் சில மணி நேரம் படுத்தாலும், ஒழுங்கான அனுப்பும் சர்வர்கள் மெயிலை க்யூவில் வைத்துத் திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். 4, 5 நாட்களாவது விடக் கூடாது என்பதே ஆர்எஃப்சி 5321 சொல்வது. போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக 5 நாள் வைத்திருக்கும். கேட்வேக்கு இருக்கும் அதே அறிவு பேக்கப்புக்கும் இல்லையென்றால், வைக்காமலிருப்பதே மேல்.

சுற்றிவரும் மெயிலைக் கண்டுபிடிப்பது

ஒவ்வொரு சர்வரும் மெயிலை வாங்கும்போது அதன் தலையில் (ஹெடரில்) ‘ரிசீவ்டு’ என்று ஒரு வரியைச் சேர்க்கும். கடைசியாகச் சேர்ந்தது மேலே இருக்கும், அதனால் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். திரும்பிவந்த ஒரு மெயிலின் ஹெடரைத் திறந்தால் மெயில்1, மெயில்2, மெயில்1, மெயில்2 என்று ஒரே ஜோடி வரிசையாக நிற்கிறதா? லூப். இரண்டும் ஒன்றையொன்று கைகாட்டுகின்றன. இந்த வரிகள் ஓர் அளவைத் தாண்டினால் சர்வர் மெயிலை நிறுத்திவிடும். போஸ்ட்ஃபிக்ஸில் அந்த அளவு 50. இந்த எண்ணை உயர்த்தி லூப்பைச் சரிசெய்ய முடியாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் முயற்சி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். லூப்பில் சிக்கிய முகவரியை எடுத்து, இரண்டு சர்வரில் எதற்குக் கடைசி வார்த்தை என்று முடிவு செய்து, அதிலிருந்து மற்றதற்குப் போகும் வழியை அடைத்தால் தீர்ந்தது.

வரிகளில் உள்ள நேரத்தையும் பாருங்கள். எந்த இரண்டு வரிகளுக்கு நடுவே 40 நிமிடம் விழுந்திருக்கிறதோ, தாமதம் அங்கேதான்.

வெளியே போகும் மெயில்

உள்ளே வருவதற்கு இத்தனை யோசிப்பவர்கள் வெளியே போவதை விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு சர்வரும் தன்பாட்டுக்கு நேராக வெளியே அனுப்பினால், ஒவ்வொன்றின் ஐபியையும் எஸ்பிஎஃப் ரெக்கார்டில் (இந்த டொமைன் பெயரில் யார் அனுப்பலாம் என்று டிஎன்எஸ்ஸில் வைக்கும் பட்டியல்) சேர்க்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபியிலிருந்து பெயரைச் சொல்லும் பதிவு), ஒவ்வொன்றிலும் டிகிம் கையெழுத்து (மெயில் வழியில் மாறவில்லை என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை). எஸ்பிஎஃப்பைச் சரிபார்க்கும்போது 10 டிஎன்எஸ் தேடலுக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பும் இருக்கிறது. இன்னொருவரின் பட்டியலையும் சேர்க்கச் சொல்லும் ‘இன்க்ளூட்’ மேல் ‘இன்க்ளூட்’ சேர்த்துக்கொண்டே போனால் அதைச் சீக்கிரமே தாண்டிவிடுவீர்கள். எல்லாவற்றையும் கேட்வே வழியாகவே வெளியே அனுப்பினால் கையெழுத்தும் ஐபியும் ஒரே இடத்தில் அடங்கும்.

உள்ளே வரும் பக்கம், எஸ்பிஎஃப் சோதனையைக் கேட்வேயில் மட்டும் செய்யுங்கள். உள் சர்வரின் பார்வையில் எல்லா மெயிலும் கேட்வேயின் ஐபியிலிருந்தே வருகிறது. அதுவும் எஸ்பிஎஃப் சோதித்தால் நல்ல மெயிலெல்லாம் போலி என்று தோன்றும். கேட்வே மெயிலின் அடியில் ‘எச்சரிக்கை, இது வெளியிலிருந்து வந்தது’ என்று ஒரு வரி ஒட்டினால் டிகிம் கையெழுத்தும் உடையும். கையெழுத்தைச் சரிபார்த்த பிறகு ஒட்டினால் பாதகமில்லை, ஆனால் அதன்பின் யாரும் மறுபடி சோதிக்கக் கூடாது.

உள் சர்வர்களின் 25ஆம் போர்ட்டை ஃபயர்வாலில் பூட்டி, கேட்வேயிலிருந்து மட்டும் திறந்துவிடுங்கள். பூட்டாவிட்டால், எம்எக்ஸில் பெயர் இல்லாத சர்வரையும் கண்டுபிடித்து நேராக வந்து கொட்டுவார்கள். அதே மாதிரி, கேட்வே யாருக்காக வெளியே அனுப்பும் என்ற பட்டியலில் உள் சர்வர்களின் ஐபி மட்டும் இருக்கட்டும். அவசரத்துக்கு முழு நெட்வொர்க்கையும் எழுதிவைத்தால், வைரஸ் பிடித்த ஒரு கணினி போதும்.

மாற்றும் நாளில்

எம்எக்ஸை மாற்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே அதன் டிடிஎல் மதிப்பை (மற்றவர்கள் அந்தப் பதிவை எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்ற அளவு) 300 வினாடி போலக் குறைத்துவிடுங்கள். பழைய மதிப்பு ஒரு நாள் என்றிருந்தால், உலகத்தில் பாதி ஒரு நாளைக்குப் பழைய சர்வருக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். போஸ்ட்ஃபிக்ஸில் ‘சாஃப்ட் பவுன்ஸ்’ என்று ஒன்று உண்டு. அதை இயக்கினால் நிரந்தர மறுப்பெல்லாம் தற்காலிக மறுப்பாக மாறும். ரூட்டிங்கில் பிழை இருந்தாலும் மெயில் திரும்பிப் போகாமல் க்யூவில் காத்திருக்கும், நீங்கள் திருத்தியதும் போய்ச்சேரும். எல்லாம் சரியானதும் அணைக்க மறக்கக் கூடாது.

சோதிக்கும்போது மெயில் செயலியை நம்பாமல் ‘ஸ்வாக்ஸ்’ போன்ற எஸ்எம்டிபி சோதனைக் கருவியால் ஒவ்வொரு சர்வரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். வெளியிலிருந்து இரண்டு பிரிவுக்கும், பழையதிலிருந்து புதியதற்கு, புதியதிலிருந்து பழையதற்கு, குழுவுக்கு, கடைசியாக இல்லாத ஒரு முகவரிக்கு. அந்தக் கடைசிச் சோதனையைத்தான் எல்லோரும் தவிர்ப்பார்கள், லூப் ஒளிந்திருப்பதோ அங்கே.

பழைய சர்வரிலிருந்து கடைசிப் பெட்டியும் போன பிறகு, அதில் இந்த டொமைன் தன்னுடையது என்றிருக்கும் வரியை நீக்குங்கள். உடனே அணைத்துவிட வேண்டாம். அதன் லாக்கில் இன்னும் யார் வந்து இணைகிறார்கள் என்று பாருங்கள். ஸ்கேனர், அலாரம் கருவி, யாரோ எப்போதோ எழுதிவைத்த ஸ்கிரிப்ட் என்று பழைய ஐபியை நேராக எழுதிவைத்திருப்பவை ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். மாதக் கடைசியில் ஒரே ஒரு தடவை மெயில் அனுப்பும் சம்பள மென்பொருளும் அந்தப் பட்டியலில் இருக்கலாம், அதனால் ஒரு முழு மாதமாவது ஓடவிட்டுப் பிறகு அணையுங்கள்.